அசையாத தேதியை முன்னால் வையுங்கள்

வாசகர் கேள்வி: எனக்கு வயது 54. இருபது வருடமாக மனதில் கிடக்கும் ஒரு வழி இது. கிர்கிஸ்தானின் ஓஷ் நகரில் இறங்கி, பமீர் நெடுஞ்சாலை வழியாகத் தஜிகிஸ்தான், பிறகு உஸ்பெகிஸ்தான், கடைசியாகத் துர்க்மெனிஸ்தானில் எரியும் தர்வாசா பள்ளத்தைப் பார்த்துவிட்டு அஷ்காபாத்திலிருந்து விமானம். செப்டம்பரை ஒட்டி 36 நாள் விடுப்பு கிடைக்கும். குழுவாகப் போன சில மலையேற்றங்கள் தவிர வேறு அனுபவம் இல்லை. விமான டிக்கெட் இப்போது மலிவாக இருக்கிறது, வாங்கிவிடலாமா? விசாக்களை எந்த வரிசையில் எடுப்பது? துர்க்மெனிஸ்தான் மறுத்துவிட்டால் எல்லாமே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. இரவில் ஒரு தூக்க மாத்திரை போட்டுக்கொள்வதைத் தவிர உடம்புக்கு ஒன்றும் இல்லை.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

டிக்கெட்டை இன்று வாங்காதீர்கள். வாங்குவதற்கு முன் வரைபடத்தை ஒருமுறை திருப்பி வைத்துப் பாருங்கள். நீங்கள் எழுதிய வழியே சரிதான், திசைதான் தலைகீழாக இருக்கிறது. அஷ்காபாத்தில் தொடங்கி ஓஷில் முடியுங்கள். உங்கள் பயமும் அதிலேயே பாதி தீர்ந்துவிடும். அதற்கு ஒரு காரணம் காகிதம், இன்னொன்று உங்கள் நுரையீரல்.

முதலில் காகிதம். துர்க்மெனிஸ்தானின் சுற்றுலா விசாவை நீங்களாக நேரே போய்க் கேட்டு வாங்க முடியாது. அங்கே உரிமம் பெற்ற பயண நிறுவனம் ஒன்று உங்கள் பாஸ்போர்ட் நகல் முதலானவற்றை வாங்கிக் குடிவரவுத் துறையிடம் கொடுக்கும். பல வாரம் கழித்து, ஒப்புதல் கிடைத்தால், அழைப்புக் கடிதம் வரும். அதைக் காட்டினால் விமான நிலையத்திலோ எல்லையிலோ விசா தருவார்கள். கட்டணம் டாலர் ரொக்கத்தில். கூடவே வழிகாட்டி ஒருவர் கட்டாயம். எந்த நாள் உள்ளே, எந்த நாள் வெளியே, எந்த எல்லை வழியாக என்பதெல்லாம் முன்பே எழுதப்பட்டுவிடும். மறுத்தால் காரணம் சொல்ல மாட்டார்கள். வழிகாட்டி இல்லாமல் நாட்டைக் கடந்துபோக டிரான்சிட் விசா என்று ஒன்று இருக்கிறது. சில நாள்தான் கிடைக்கும், அதிலும் தேதி நிலையானது. அதை நம்பித் திட்டம் போடச் சொல்ல எனக்கு மனம் வராது.

உங்கள் பட்டியலில் உள்ள நான்கு நாடுகளில் இது ஒன்றுதான் அசையாத தேதி. மற்ற மூன்றிலும் இரண்டு நாள் முன்னே பின்னே போனாலும் சமாளிக்கலாம். நீங்கள் அந்த அசையாத தேதியைப் பயணத்தின் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். அதாவது பமீரில் ஒரு நிலச்சரிவு, வழியில் ஒரு காய்ச்சல், பமீரின் முர்காப் ஊரில் வண்டி கிடைக்காமல் போன ஒரு நாள், எல்லாம் சேர்ந்து அந்தத் தேதியைத்தான் வந்து தாக்கும்.

இதை நான் இன்னொருவருடைய இழப்பில் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில், காஸ்பியன் கடலைக் கப்பலில் கடக்க ஆசைப்பட்ட ஒரு பயணிக்கு, ஐந்து நாள் டிரான்சிட் விசாவைப் பயணத்தின் நடுவே வைத்துத் திட்டம் போட்டுக் கொடுத்தேன். அஜர்பைஜானின் பாகூவிலிருந்து போகும் அந்தக் கப்பல்கள் சரக்குக்காக ஓடுபவை. கால அட்டவணை கிடையாது, சரக்கு நிரம்பினால் கிளம்பும். அவர் துறைமுகத்தில் மூன்று நாள் காத்திருந்தார். ஒருவழியாகக் கிளம்பிய கப்பலும் துர்க்மெனிஸ்தானின் துறைமுகமான துர்க்மென்பாஷிக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றுவிட்டது. கரை கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும்போதே விசாவின் கடைசி நாள் முடிந்தது. இறங்க விடவில்லை. வந்த கப்பலிலேயே திரும்பினார். தவறு என்னுடையது. அன்றிலிருந்து எந்தத் திட்டத்திலும் முதல் வேலையாக அசையாத தேதி எது என்று தேடுகிறேன். முடிந்தால் அதைப் பயணத்தின் முதல் நாளில், விமானத்தில் போய் இறங்கும் இடத்தில் வைக்கிறேன். அதற்கு முன்னால் ஒன்றும் இல்லாததால், தாமதமாக வந்து அதைக் கெடுக்கவும் எதுவும் இல்லை.

சரி, மறுத்துவிட்டால்? துர்க்மெனிஸ்தான் கடைசியில் இருந்தால் மறுப்பு உங்கள் வழியின் முடிவையே பிடுங்கிவிடும். முதலில் இருந்தால் முதல் ஐந்து நாள்தான் போகும். அந்த ஐந்து நாளுக்கு உஸ்பெகிஸ்தானின் மேற்கு மூலையில் நுக்குஸ் நகரத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 1966இல் தொடங்கிய சவீத்ஸ்கி அருங்காட்சியகம் இருக்கிறது. சோவியத் அரசு விரும்பாத ஓவியங்களைத் தலைநகரங்களின் கண்ணில் படாமல் பாலைவன ஓரத்தில் சேர்த்து வைத்த இடம். வடக்கே போனால் முய்னாக். ஒரு காலத்தில் ஆரல் கடலின் மீன்பிடித் துறைமுகம். ஆறுகளின் தண்ணீரைப் பருத்திக்குத் திருப்பியதால் 1960களிலிருந்து கடல் பின்வாங்கத் தொடங்கி, இப்போது துருப்பிடித்த படகுகள் மணலில் நிற்கின்றன. தர்வாசாவுக்கு ஈடாக இதைச் சொல்லவில்லை. ஆனால் என்னிடம் இரண்டையும் பார்த்துவிட்டு வந்து பேசியவர்களில் பலர் அதிக நேரம் பேசியது முய்னாக் பற்றித்தான்.

தர்வாசா பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். சுமார் 70 மீட்டர் அகலப் பள்ளம் முழுவதும் தீ கொழுந்துவிட்டு எரியும் படங்களைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டிருப்பீர்கள். அந்தத் தீ குறைந்துகொண்டு வருகிறது. மூன்றில் ஒரு பங்காகிவிட்டதென்று 2025இல் அந்நாட்டு அதிகாரிகளே சொன்னார்கள். காரகும் பாலைவனத்தின் இரவுக்காகவும் போகலாம் என்று தோன்றினால் போங்கள். பழைய படத்தை மட்டும் மனதில் வைத்துப் போனால் ஏமாற்றம்தான்.

இப்போது நுரையீரல். ஓஷ் நகரம் ஆயிரம் மீட்டருக்குக் கீழே இருக்கிறது. அங்கிருந்து கிளம்பினால் சாரி-தாஷ் 3,100 மீட்டருக்கு மேல். அடுத்து 4,280 மீட்டர் கிசில்-ஆர்ட் கணவாய். அதைத் தாண்டி நீங்கள் தூங்கப்போகும் காராகுல் ஏரிக்கரை 3,900 மீட்டருக்கு மேல். ஜீப்பில் இதை ஒரே பகலில் ஏறிவிடலாம். உடம்பு அவ்வளவு வேகமாக ஏறாது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு இரவும் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் தூங்கக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே உயரத்தில் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி.

மேற்கிலிருந்து போனால் அந்தச் சாலையே உங்களை மெதுவாக ஏற்றும். துஷான்பே சுமார் 800 மீட்டர், கொரோக் சுமார் 2,100. வாக்கான் பள்ளத்தாக்கில் இஷ்காஷிம் 2,500ஐ ஒட்டி. பள்ளத்தாக்கின் கடைசி ஊரான லங்கர் 3,000க்குச் சற்றுக் கீழே. லங்கரில் கட்டாயம் இரண்டு இரவு தங்குங்கள். பகலில் மேலே நடந்து போய்விட்டு, இரவு கீழே வந்து தூங்குங்கள். அங்கிருந்து 4,344 மீட்டர் கர்குஷ் கணவாயைத் தாண்டியதும் வரும் அலிச்சூர் அழகான இடம்தான், ஆனால் அது 4,000 மீட்டரை ஒட்டி இருக்கிறது. முதல் இரவை அங்கே வைக்காதீர்கள். அன்றே ஓட்டிக்கொண்டு போய் 3,600 மீட்டரில் இருக்கும் முர்காபில் தூங்குங்கள். இதுவும் விதியைவிடச் சற்று அதிகமான ஏற்றம்தான். அதனால்தான் லங்கரில் இரண்டு இரவு என்கிறேன். தலைவலியோ வாந்தியோ இருந்தால் மூன்றாவது இரவும் அங்கேயே தங்குங்கள், மேலே போக வேண்டாம். அக்-பைதால் கணவாய், 4,655 மீட்டர், முர்காபுக்கு அப்புறம்தான் வரும். அதற்குள் உடம்பு பழகியிருக்கும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்தது கடைசி வரிதான். தூக்க மாத்திரை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது எந்த மருந்து என்று அட்டையைப் பாருங்கள். டயசெபாம் போன்ற வகையாக இருந்தால் அது இரண்டு இடத்தில் உங்களைப் பாதிக்கும். உயரத்தில், குறிப்பாகத் தூக்கத்தில், மூச்சு ஏற்கெனவே ஒழுங்கில்லாமல் இருக்கும். மூச்சை மந்தப்படுத்தும் மாத்திரையை அங்கே போட்டுக்கொள்வது ஆபத்து. மதுவுக்கும் இதே பேச்சுதான். அடுத்தது சுங்கம். உஸ்பெகிஸ்தானில் இந்த வகை மருந்துகளிலும் கோடீன், டிரமடால் கலந்த வலி மாத்திரைகளிலும் கடுமையாக இருப்பார்கள். துர்க்மெனிஸ்தானிலும் அப்படித்தான். ஆகவே கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்க முடியுமா, மாற்று உண்டா, உயர நோயைத் தடுக்கக் கொடுக்கும் அசெட்டசோலமைட் மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேளுங்கள். திடீரென்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அதுவும் கெடுதல். எடுத்துப்போக வேண்டிய மருந்து எதுவானாலும் அசல் அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு, தேவையான அளவு மட்டும். ரேபிஸ் முன்தடுப்பு ஊசி பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள். பமீரில் மேய்ச்சல் நாய்கள் பெரியவை, கடித்தால் ஊசி கிடைக்கும் ஊர் பக்கத்தில் இருக்காது.

வயது 54 என்று தயங்கி எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. உயர நோய் வயது பார்த்து வருவதில்லை. வேகமாக ஏறுகிறவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது.

விசா என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று தனித்தனிக் காகிதங்கள் ஒளிந்திருக்கின்றன. நாட்டுக்குள் நுழைய ஒன்று. சில பகுதிகளுக்குப் போகத் தனி அனுமதி. உள்ளே வந்த பிறகு எங்கே தங்குகிறீர்கள் என்ற பதிவு. அதிகம் பேர் போகாத நாடுகளில் பயணிகள் சிக்குவது பெரும்பாலும் இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான். பமீர் இருக்கும் கோர்னோ-படாக்ஷான் பகுதிக்கு, சுருக்கமாக ஜிபிஏஓ என்று சொல்லும் தனி அனுமதி தேவை. தஜிகிஸ்தான் இ-விசா விண்ணப்பத்திலேயே அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் அடிக்க மறந்தால் விசா சரியாக வந்துவிடும், சாலையில் உள்ள முதல் சோதனைச்சாவடியில்தான் விஷயம் தெரியும். உஸ்பெகிஸ்தானில் விடுதிகள் உங்களைப் பதிவு செய்து சீட்டோ கணினிப் பதிவோ தரும். யாராவது வீட்டில் தங்கினாலோ கூடாரம் அடித்தாலோ அந்த நாட்களுக்கும் பதிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டுகளை வெளியேறும் வரை தூக்கிப் போடாதீர்கள். அப்புறம், டிரோன் இருந்தால் வீட்டிலேயே இருக்கட்டும். அதை உஸ்பெகிஸ்தானுக்குள் கொண்டுவரவே தடை.

ஒரு முறை நுழைவு, இருமுறை நுழைவு என்பதையும் கவனியுங்கள். சமர்கந்திலிருந்து எல்லையைத் தாண்டினால் தஜிகிஸ்தானின் பஞ்சகெந்த் சுமார் 60 கிலோமீட்டர்தான். பெரிய பையைச் சமர்கந்தில் விட்டுவிட்டு, பஞ்சகெந்தை ஒட்டிய மலையில் இருக்கும் ஏழு ஏரிகளைப் பார்த்துத் திரும்பலாம் என்று அங்கே உங்களுக்கு யாராவது யோசனை சொல்வார்கள். ஒருமுறை நுழைவு விசாவில் அப்படிப் போய்த் திரும்பினால் தஜிகிஸ்தான் விசா அன்றோடு முடிந்தது, பமீரும் முடிந்தது. வாக்கானில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெரியும் ஆப்கானிஸ்தானுக்கு ஓர் எட்டு போய்வரலாம் என்பதும் அதே கதைதான். ஆகவே ஏழு ஏரிகளைப் பையோடு, போகிற வழியில் பாருங்கள். சமர்கந்திலிருந்து பஞ்சகெந்த், ஏரிகள், அங்கிருந்து துஷான்பே.

எல்லைகளைப் பற்றியும் கொஞ்சம். சமர்கந்த் அருகே நீங்கள் தாண்டப்போகும் ஜார்தெபா எல்லை 2010 முதல் 2018 வரை மூடிக் கிடந்தது. இத்தனைக்கும் வரைபடத்தில் நல்ல தார்ச்சாலை. தஜிகிஸ்தானுக்கும் கிர்கிஸ்தானுக்கும் இடையே 2021இல் மோதல் வந்து எல்லை மூடியது. 2025 மார்ச்சில் இரு நாட்டு அதிபர்களும் எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகுதான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் கிசில்-ஆர்ட் வழியாகப் போக விரும்பிய பயணிகள் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 2022இல் கொரோக் பக்கம் ஏற்பட்ட கலவரத்தை ஒட்டி ஜிபிஏஓ அனுமதியே சில காலம் கிடைக்கவில்லை. ஆகவே விசா கிடைக்குமா என்று கேட்கும்போதே, நான் போகும் அந்த எல்லை இந்த மாதம் என்னைப் போன்ற வெளிநாட்டவருக்குத் திறந்திருக்கிறதா, நான் வைத்திருக்கும் இ-விசா அங்கே செல்லுமா என்று சேர்த்துக் கேளுங்கள். அஜர்பைஜான் இ-விசா கொடுத்துக்கொண்டே 2020 முதல் ஆண்டுக்கணக்கில் தரைவழி எல்லைகளை மூடி வைத்திருந்தது. விசா கையில் இருந்தும் பஸ்ஸில் போய்த் திரும்பி வந்தவர்கள் உண்டு. உங்கள் விஷயத்தில் முக்கியம் கிர்கிஸ்தான். உங்கள் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவைப்பட்டால், அந்நாட்டு இ-விசா குறிப்பிட்ட நுழைவாயில்களில்தான் செல்லும். கிசில்-ஆர்ட்டுக்கு அந்தப்புறம் உள்ள போர்-தோபோ சாவடி பட்டியலில் இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் அன்றே பாருங்கள். இரண்டு சாவடிகளுக்கும் நடுவே சுமார் 20 கிலோமீட்டர் ஆளில்லா மலை. நடந்து தாண்டும் எண்ணம் வேண்டாம். முர்காபிலிருந்து வரும் வண்டி உங்களை ஓஷ் வரை கொண்டுவிடுமா, அல்லது அந்தப் பக்கத்திலிருந்து வேறு வண்டி வருமா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன் பேசி முடித்துவிடுங்கள்.

நாட்களை நான் இப்படிப் பிரிப்பேன். துர்க்மெனிஸ்தானுக்கு ஐந்து. அஷ்காபாத்திலிருந்து வடக்கே தர்வாசா, அங்கிருந்து தாஷோகுஸ் வழியாக எல்லை தாண்டி கிவா. கடைசி நாளில் மாலை வரை இழுக்காதீர்கள், எல்லை அடைத்துவிடும், காலையிலேயே போய் நில்லுங்கள். உஸ்பெகிஸ்தானுக்கு ஒன்பது நாள். கிவா, புகாரா, சமர்கந்த், ரயிலிலேயே போகலாம். தஜிகிஸ்தானுக்குப் பதினாறு, அதில் பத்து பமீருக்கு மட்டும். கிர்கிஸ்தானுக்கு மூன்று. மீதி மூன்று நாளில் எதையும் எழுதாதீர்கள், அவை பமீருக்கான கையிருப்பு. செப்டம்பர் தொடக்கத்தில் கிளம்பினால் பாலைவன வெயில் தணியத் தொடங்கியிருக்கும், மலையில் பெரிய பனிக்கு முன் இறங்கிவிடலாம். அக்டோபர் நடுவுக்கு இதைத் தள்ளாதீர்கள்.

விண்ணப்ப வரிசையும் இதையொட்டித்தான். பாஸ்போர்ட் பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதம் செல்ல வேண்டும், காலிப் பக்கங்கள் இருக்க வேண்டும். இல்லையென்றால் புதுப்பிப்பதுதான் முதல் வேலை. பாஸ்போர்ட் எண் மாறினால் பழைய எண்ணில் வாங்கிய எல்லாம் வீண். கிளம்புவதற்கு மூன்று நான்கு மாதம் முன்பு துர்க்மென் நிறுவனத்திடம் பேசுங்கள். அழைப்புக் கடிதம் வந்த அன்று போகும் டிக்கெட் வாங்குங்கள். திரும்பும் டிக்கெட் ஓஷிலிருந்து, தேதி மாற்றக்கூடியதாக, சற்று விலை கூடினாலும். தஜிகிஸ்தான் இ-விசாவும் ஜிபிஏஓவும் அதற்குப் பிறகு. சீக்கிரமே வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று அவசரப்படாதீர்கள். விசா எந்தத் தேதிக்குள் பயன்படுத்தப்பட வேண்டும், உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்று இரண்டு கணக்கு உண்டு. முதல் கணக்கு தீர்ந்துபோனால் இரண்டாவதால் பயனில்லை. விண்ணப்பிக்கும் தளம் அந்தந்த அரசின் தளம்தானா என்று முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தேடினால் மேலே வருவது பல நேரம் இரட்டிப்புப் பணம் வாங்கும் இடைத்தரகர் தளம்.

எல்லாவற்றையும் காகிதத்தில் அச்சடித்து இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். உங்களை முதலில் தடுக்கக்கூடியவர் விமான நிறுவனத்தின் கவுன்ட்டரில் இருப்பவர். அவர் டிமாட்டிக் என்ற விதிமுறைத் தொகுப்பைத் திரையில் பார்த்துத்தான் உங்களை ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார். அபூர்வமாக யாராவது போகும் நாட்டின் அழைப்புக் கடிதத்தை அவர் அன்றுதான் முதன்முறையாகப் பார்க்கக்கூடும். மூன்று மணி நேரம் முன்னதாகப் போங்கள், பொறுமையாகக் காட்டுங்கள். விண்ணப்பங்களில் வேலை, பயண நோக்கம் பற்றி உண்மையையே எழுதுங்கள். இதில் பொய் சொல்ல நான் யாருக்கும் உதவுவதில்லை.

காப்பீட்டில் இரண்டு வரிகளைத் தேடுங்கள். எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்பது ஒன்று. 4,655 மீட்டர் வரை எழுத்தில் வேண்டும். உங்கள் அரசு போக வேண்டாம் என்று எச்சரித்த பகுதிக்குச் செல்லாது என்ற நிபந்தனை இன்னொன்று. வாக்கான் சாலை நெடுக ஆப்கான் எல்லையை ஒட்டியே போவதால் இது உங்களைத் தொடும். கையில் டாலர் புதிய, மடிப்பில்லாத நோட்டுகளாக இருக்கட்டும். முர்காப் பக்கம் அட்டையை நம்ப முடியாது.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியவை இரண்டுதான். பாஸ்போர்ட்டின் கடைசித் தேதியைப் பாருங்கள், மாத்திரை அட்டையோடு மருத்துவரைப் பாருங்கள். அதன் பிறகு துர்க்மென் நிறுவனங்கள் இரண்டு மூன்றிடம் விலையும் நாள்கணக்கும் கேட்டு, வந்த பதில்களை எனக்கு அனுப்புங்கள். அழைப்புக் கடிதத்தில் எந்தத் தேதி விழுகிறதோ அதிலிருந்து எண்ணி, நீங்கள் லங்கரில் தங்கும் இரண்டு இரவு எவை என்று சேர்ந்தே குறித்துவிடுவோம்.